மீன்முள் வாய்க்காலை யார் தூர்வாருவது?

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வலைப்பதிவில் பிச்சாவரம் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். தலைப்பு 'மக்கள் காப்பாற்றிய காடு'. போன வாரம் வேறு எதையோ தேடும்போது அது கண்ணில் பட்டது. படித்து முடித்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. தகவல் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் தலைப்பில் இருக்கிற 'மக்கள்' யார், 'காப்பாற்றிய' என்றால் அவர்கள் என்ன செய்தார்கள் என்கிற இரண்டு கேள்விகளையும் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படித்துவிட்டு, கூடவே ஒரு படகுச் சவாரி அனுபவத்தைச் சேர்த்து, ஊறுகாய் மாதிரி ரெண்டு புகைப்படம் வைத்துப் பதிவேற்றியிருக்கிறேன். இந்தப் பதிவு அதற்கான திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் அன்று நம்பிய ஆய்வுக் கட்டுரை 2003இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வி. செல்வமும் சக ஆய்வாளர்களும் எழுதியது. 1986இல் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2002இல் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டின் பரப்பு ஏறத்தாழ 90 சதவீதம் கூடியிருக்கிறது என்றார்கள். காரணமாகச் சொன்னது, நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து செய்த மீட்புப் பணி. அலையாத்திகளை மக்கள் பங்கேற்போடு நிர்வகிப்பது பற்றி இந்தியாவில் யார் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் பிச்சாவரம் வந்துவிடும். பிச்சாவரம் வந்தால் பின்னாலேயே இந்த 90 வந்துவிடும்.

அதைக் குறை சொல்வதற்கு முன்னால், அந்தப் பணியில் உண்மையிலேயே பெரிய விஷயம் எது என்று சொல்லியாக வேண்டும். என் பழைய கட்டுரையில் இதை இரண்டு வரியில் தாண்டிவிட்டேன்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிறது பிச்சாவரம். அங்கே காடு ஏன் அழிந்தது என்று கேட்டால் நெடுங்காலம் எல்லோரிடமும் ஒரே பதில்தான் இருந்தது: சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். அப்படியென்றால் வைத்தியமும் சுலபம். வேலி போடு, காவல் வை, பிடித்தால் அபராதம் போடு. ஆனால் வேலி போட்ட இடத்திலும் மரம் வரவில்லை. தொண்ணூறுகளில் ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது வேறு கதை கிடைத்தது. 1935 முதல் 1970 வரை அரசு நிர்வாகமே கூப்பு கூப்பாகப் பிரித்து, ஒரு துண்டில் இருக்கும் மரங்களை மொத்தமாக வெட்டி எடுத்திருக்கிறது. வெட்டிய துண்டு வெயிலில் காய்ந்தது. அலையாத்தி மண் சாதாரண மண் கிடையாது, தண்ணீரும் மட்கிய இலையும் நிறைந்த சதுப்பு. ஈரம் போனதும் அது அமுங்கிப் படுத்துவிட்டது. நடுவில் தட்டு மாதிரி ஒரு பள்ளம். ஓதம் ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர், ஓதம் வடியும்போது வெளியே போக வழியில்லாமல் அந்தத் தட்டில் தேங்கியது. தேங்கின நீர் ஆவியானது, உப்பு தங்கியது. அடுத்த ஓதம், இன்னும் கொஞ்சம் உப்பு. பிச்சாவரத்தில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், அடித்துக்கொண்டு போகும் வேகம் கிடையாது. கடைசியில் எந்தக் கன்றும் பிழைக்காத உவர்நிலம். உமரிச்செடி மட்டும் மிஞ்சும்.

மென்பொருள் துறையில் இதற்கு 'ரூட் காஸ் அனாலிசிஸ்' என்று பெயர். முக்கால்வாசி நேரம் அது யார் தலையில் கட்டலாம் என்று தேடுகிற சடங்கு. இங்கே அது நிஜமாகவே நடந்திருக்கிறது. முப்பது வருஷம் பழி சுமந்தவர்களை விட்டுவிட்டு, பழி போட்டவர்களின் வேலைமுறையில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அதைவிட ஆச்சரியம், அந்த முடிவோடு வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு வேலையை நடத்தினார்கள். இதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது, கிளையன்ட்டிடம் போய் "தப்பு உங்கள் பக்கம்" என்று ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வைத்தியமும் அழகானது. தேங்கி நிற்பதுதான் நோய் என்றால் வடியவிட வேண்டும். பக்கத்து ஓடையிலிருந்து உவர்நிலத்துக்குள் ஒரு முதன்மை வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலேயிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் தினமும் உள்ளே வந்து உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே போகும். உப்பு இறங்கியதும் வாய்க்கால் ஓரமாக வெண்கண்டல் நடலாம். ராபின் லூயிஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் சொல்லிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய இதுதான்: முதலில் தண்ணீரின் போக்கைச் சரிசெய், பல இடங்களில் விதை தானே வந்து சேரும், நடவு அப்புறம்.

இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியோடு 1996 முதல் 2003 வரை இது தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் ஒரு பெரிய திட்டமாக நடந்தது. நான் சிதம்பரத்தில் பி.இ. படித்ததும் அந்த வருஷங்களில்தான். ஹாஸ்டலிலிருந்து கூட்டமாகப் பிச்சாவரம் போவோம். எதற்கு? படகு ஏற, 'இதயக்கனி' எடுத்த இடத்தைப் பார்க்க. கொஞ்ச தூரத்தில் ஆட்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். எங்களில் ஒருத்தனுக்கும் தெரியாது.

இனி குறைக்கு வருகிறேன்.

முதல் விஷயம், அந்த 90. இரண்டு படங்களுக்கு நடுவில் பரப்பு கூடியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் நன்றாகவே காட்டும். ஏன் கூடியது என்பதை அது காட்டாது. அந்தப் பதினாறு வருஷத்தில் பல விஷயங்கள் சேர்ந்தே ஓடியிருக்கின்றன: கூப்பு வெட்டு நின்று வெகுகாலம் ஆகியிருந்தது, வாய்க்கால் வந்தது, நடவு நடந்தது, மேய்ச்சல் குறைந்தது. இதில் எதற்கு எத்தனை பங்கு என்று பிரிக்க, வாய்க்கால் வெட்டாத ஒரு துண்டு ஒப்பிடக் கிடைக்க வேண்டும். வாய்க்கால் வெட்டிய இடங்களில்தான் உவர்நிலம் பச்சையானது என்பதால் வாய்க்காலுக்கு உரிய பெருமையை நான் மறுக்க மாட்டேன். ஆனால் 'மக்கள் பங்கேற்பு' என்கிற ஐந்தாவது விஷயம் எந்த அலைவரிசையிலும் பதிவாகாது. கூலி வாங்கிக்கொண்டு வெட்டிய வாய்க்காலும் ஊர்கூடி முடிவெடுத்து வெட்டிய வாய்க்காலும் வானத்திலிருந்து பார்த்தால் ஒரே மீன் முள்தான். காடு வளர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து, பங்கேற்பு வென்றதற்கான ஆதாரமாக நீட்டுவது ஒரு தாவல். நானும் தாவினேன், தலைப்பே வைத்தேன்.

இரண்டாவது விஷயம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மீன்முள் வாய்க்கால் வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை. வண்டல் சுமந்த நீர் தினமும் வந்து போகும் ஆழமில்லாத வாய்க்கால் அது, தூர்ந்துபோவது அதன் இயல்பு. தூர்ந்தால் நீர் தேங்கும், தேங்கினால் பழைய கதை. மரங்கள் வளர்ந்து வேரும் நிழலும் பிடித்துக்கொள்ளும்வரை வருஷாவருஷம் யாராவது சேற்றில் இறங்கி வாரிப்போட வேண்டும். வைத்தியம் பலிப்பதும் பலிக்காததும் இந்தச் சலிப்பான வேலையில்தான் இருக்கிறது.

யார் செய்வது?

இரண்டு வருஷம் முன்பு குடும்பத்தோடு பிச்சாவரம் போயிருந்தபோது துடுப்புப் படகு ஓட்டியவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். பேச்சுக்குப் பேச்சு வந்தது. "நீங்கள் வாய்க்கால் வேலைக்குப் போயிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன். "போவாம? அப்ப கூலி நல்லாத்தான் குடுத்தாங்க சார்" என்றார். இப்போது மண் சேர்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டார். "அத மேல சொல்லணும் சார். நாமளா மம்முட்டிய தூக்கிட்டு உள்ள போவ முடியுமா? கேஸு ஆயிடும்."

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். பிச்சாவரம் காப்புக்காடு. 1882இலிருந்து தொடரும் தமிழ்நாடு வனச்சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் காப்புக்காட்டு மண்ணைக் கிளறுவது குற்றம். நல்ல எண்ணத்தோடு தூர்வாரினாலும் குற்றம்தான், எண்ணத்துக்குத் தனிப் பிரிவு கிடையாது.

என் வேலையில் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு பெரிய சிஸ்டத்தைக் கட்டி முடித்து, பராமரிப்பை இன்னொரு குழுவிடம் கொடுத்தார்கள். கைகுலுக்கல், கேக் எல்லாம் ஆச்சு. முதல் ராத்திரியே பிரச்சினை வந்தபோதுதான் தெரிந்தது, அந்தக் குழுவுக்கு சர்வரைப் பார்க்க அனுமதி உண்டு, எதையும் மாற்ற அனுமதி இல்லை. பொறுப்பு அவர்களுக்கு, ரைட் பெர்மிஷன் வேறு யாருக்கோ. விடிய விடிய மெயில் போட்டுக்கொண்டிருந்தார்கள் பாவம். கூட்டு மேலாண்மை ஒப்பந்தங்களைப் படிக்கும்போது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது.

கூட்டு வன மேலாண்மை என்கிற ஏற்பாடு 1988 வனக் கொள்கையிலிருந்தும், மத்திய அரசு 1990 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்தும் வந்தது. அலையாத்திகளுக்குப் பொருத்தியபோது கிராம அளவில் மன்றம் அமைத்தார்கள், மைக்ரோ பிளான் வகுத்தார்கள். ஊரின் தேவைகளையும் கேட்டார்கள், சாலை, கடன், மாற்றுத் தொழில் என்று. இதெல்லாம் வெறும் நாடகம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் அஸ்திவாரம் ஓர் அதிகாரி ஊருக்குக் கொடுக்கும் இடம், ஊருக்குச் சட்டம் கொடுக்கும் உரிமை கிடையாது. உத்தரவில் வந்தது உத்தரவில் போகும். நிதி முடிந்ததும் மன்றம் கூடுவதற்குக் காரணம் இல்லாமல் போகும்.

'மக்கள்' என்று நான் எழுதியது யாரைப் பற்றி? பிச்சாவரத்தைச் சுற்றி இருப்பது ஒரே ஊர், ஒரே சனம் கிடையாது. கடலோர மீனவர்கள் இருக்கிறார்கள், வலையும் படகும் உள்ளவர்கள். விவசாயத்திலிருந்து மீன்பிடிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். எம்.ஜி.ஆர். நகர் மாதிரி குடியிருப்புகளில் இருளர்கள் இருக்கிறார்கள், படகோ வலையோ இல்லாமல் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி இறால், நண்டு பிடிப்பவர்கள். பெண்கள்தான் இதில் நிறைய. பிடித்ததைப் போட ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் உப்புநீரில் நகர்வார்கள். அலையாத்தியின் வேர்களுக்கு நடுவில் எங்கே ஆழம், எங்கே புதைசேறு, எந்த மாதம் எந்த ஓடையில் இறால் தங்கும் என்று விரல் நுனியில் தெரிந்தவர்கள். ஒரே காட்டில் இவர்களுக்குள் பூசலும் உண்டு, யார் எங்கே பிடிப்பது என்று. 'சமூகம்' என்கிற ஒற்றைச் சொல் இந்தப் பூசலையெல்லாம் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறது.

இந்த இடத்தில் 2006 வன உரிமைச் சட்டம் வருகிறது. நான் வக்கீல் இல்லை, சட்டத்தின் மூன்றாவது பிரிவை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். வனத்தை நம்பி வாழும் சமூகங்களுக்கு நீர்நிலைகளின் மீன் மீது உரிமை உண்டு என்கிறது. கூடவே, வழிவழியாகப் பேணிவந்த சமூக வனவளத்தைக் காக்கவும், மீட்கவும், நிர்வகிக்கவும் உரிமை உண்டு என்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாத சொல் இங்கே இருக்கிறது: உரிமை. மம்முட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவது பற்றிப் படகுக்காரர் கேட்ட கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் நான் பார்த்த ஒரே நேரடியான பதில் இதுதான்.

ஆனால் அந்தக் கதவுக்கும் ஒரு பூட்டு. மனு செய்பவர் பழங்குடி என்றால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். பழங்குடிச் சான்று இல்லையென்றால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். வட தமிழக மாவட்டங்களில் இருளர்கள் சாதிச் சான்றிதழுக்கு எத்தனை தடவை அலைய வேண்டியிருக்கிறது என்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் புதிதில்லை. ஆக, அலையாத்தி வாய்க்கால் தூர்வாரும் அதிகாரம் என்பது கடைசியில் வருவாய்த்துறை கொடுக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் போய் முட்டுகிறது. அலையாத்திப் பாதுகாப்பு பற்றிய அறிக்கைகளில் உப்புத்தன்மைக்கு வரைபடம் இருக்கும், சான்றிதழுக்கு இருக்காது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் 18 குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு கதிரேசனும் ராஜேந்திரனும் 2005இல் ஒரு கட்டுரை எழுதினார்கள், தாவரங்கள் இருந்த இடத்தில் சாவு குறைவு என்று. உலகம் முழுக்க எடுத்துப் பேசினார்கள். அடுத்த வருஷமே கெர், பேர்ட், கேம்ப்பெல் மூவரும் அதே தரவை மறுபடி கணக்குப்போட்டார்கள். ஊரின் உயரத்தையும் கடலிலிருந்து தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால், தாவரப் பரப்பு தனியாக விளக்குவது மிகச் சொற்பம் என்றார்கள். மேட்டிலும் தூரத்திலும் இருந்த ஊர்கள் தப்பின, காடும் அந்த ஊர்களுக்கு முன்னால்தான் இருந்தது. இந்த விவாதத்தில் எனக்கு இரண்டாவது தரப்பு வலுவாகப் படுகிறது. அலையாத்தி சாதாரண அலையையும் புயலையும் தணிக்கும் என்பதில் சந்தேகம் இல்லை, ஆழிப்பேரலை வேறு கணக்கு.

எனக்கு இங்கே முக்கியம் அந்தக் கணக்கைவிட அதன் பின்விளைவு. காடு என்பது இறால் துழாவுகிறவர்களின் பிழைப்பு என்கிற பேச்சு பின்னால் போய், காடு என்பது கடலுக்கு முன்னால் நிற்கும் சுவர் என்கிற பேச்சு முன்னால் வந்தது. 'பயோஷீல்டு' என்றார்கள். சுவர் என்றால் நீளம் முக்கியம், கன்று எண்ணிக்கை முக்கியம். கடற்கரை நெடுகச் சவுக்கு வைத்தார்கள், அலையாத்தி வராத இடத்திலும் அலையாத்தி வைத்தார்கள். இலங்கையில் இதற்குக் கணக்கே பார்த்திருக்கிறார்கள். கொடிக்காரவும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை நட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேர்தான். பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட இல்லை. நட்ட பிறகு யாராவது பராமரித்த இடங்கள்தான் பிழைத்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. நான் மேலே கேட்ட அதே கேள்வி.

2023 ஜூன் 5 அன்று தொடங்கிய 'மிஷ்டி' திட்டத்தின் இலக்கு ஏறக்குறைய 540 சதுர கிலோமீட்டர். அறிவித்தபோதே ஊரக வேலை உறுதித் திட்ட நிதியையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கூலி கிடைப்பது நல்ல விஷயம், அதைக் கிண்டல் செய்யும் வசதியான இடத்தில் உட்கார்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் திட்டக் குறிப்பில் 'பங்கேற்பு' என்கிற சொல் வரும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டு 'கூலி வேலை' என்று போட்டுப் படித்துப் பாருங்கள். அர்த்தம் மாறுகிறதா? மாறவில்லையென்றால் அங்கே நிஜமாகவே கூலிதான் பேசப்படுகிறது.

கடைசியாக ஒரு தண்ணீர்க் கணக்கு, இது எந்தக் கிராம மன்றத்தின் கைக்கும் எட்டாதது. அலையாத்திக்குக் கடல்நீர் மட்டும் போதாது, ஆற்றுநீரும் வந்து கலக்க வேண்டும். பிச்சாவரத்துக்கு அது மழைக்காலத்தில்தான் ஒழுங்காக வருகிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கொடுத்த இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. பங்கிடப்பட்டது. அதில் சுற்றுச்சூழலுக்கு 10. கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போய்விடும் என்று ஒதுக்கியது 4. தவிர்க்க முடியாமல்! நம் செய்தித்தாள்கள் இன்னும் ஒரு படி மேலே, கொள்ளிடத்தில் தண்ணீர் வந்தாலே 'கடலில் வீணாகக் கலக்கிறது' என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். நானும் படித்துவிட்டு உச்சுக் கொட்டியிருக்கிறேன். அந்த வீண் தண்ணீரில்தான் ஓலைப் பறியைக் கவ்விக்கொண்டு அந்தப் பெண்கள் நிற்கிறார்கள். உப்பைக் குறைக்க ஊர்க்காரர்களை வாய்க்கால் வெட்டச் சொன்னோம். உப்பு ஏன் ஏறுகிறது என்று மேலே கேட்கும் இடத்தில் அவர்களுக்கு நாற்காலி கிடையாது.

பழைய கட்டுரையை நீக்கவில்லை. தலைப்பை மட்டும் 'பிச்சாவரம்: ஒரு வாய்க்காலின் கதை' என்று மாற்றிவிட்டு, மேலே இந்தப் பதிவுக்குச் சுட்டி கொடுத்திருக்கிறேன். மாற்றும்போதுதான் கவனித்தேன், அதில் இருந்த ஒரே மனிதர் படம் படகிலிருந்து நான் எடுத்தது. கழுத்தளவு நீரில் ஒரு அம்மா, வாயில் பறி, பார்வை கேமரா பக்கம் இல்லை. அடியில் நான் எழுதியிருந்த குறிப்பு: 'உள்ளூர் மக்கள்'. அவரிடம் கேட்டு எடுத்த படமில்லை அது. படத்தை எடுத்துவிட்டேன்.